அப்பாவை எழுப்பாத வெளிச்சம்

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் வீரபாகு அண்ணாச்சி அவர்களே! கதவைத் திறந்து வைப்பதோடு கடமை முடிந்தது என்று கருதாத நூலகர் ஜெபசுதா அக்கா அவர்களே! முன்வரிசையை அழகுசெய்யும் பெரியோர்களே! பின்வரிசையில், எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கடலோடி அண்ணன்மார்களே! மீன் விற்றுவிட்டு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! அதோ, பந்தல் காலில் சாய்ந்துகொண்டு கைபேசி பார்க்கும் தம்பி தங்கைகளே! உங்களையும் சேர்த்துத்தான். நிமிர வேண்டாம், காது கொடுத்தால் போதும். உங்கள் எல்லோருக்கும் முத்தையாபுரத்து ஜெபசெல்வியின் வணக்கம்.

நூலக வார விழா. எனக்குத் தந்த தலைப்பு, "சிறுவரையும் இளையோரையும் நூலகத்துக்கு ஈர்ப்பது எப்படி?" நூலக அறிவியல் படித்தவள், இந்த ஊரிலேயே தங்கி அதைப் பற்றி ஆய்வு செய்தவள் என்பதால் அழைத்திருக்கிறார்கள். மேடை ஏறும்போது அண்ணாச்சி காதோடு சொன்னார்: "ஏளா, நல்ல விதமா நாலு வார்த்த சொல்லு. மனசுக்குத் தெம்பா இருக்கணும்." மன்னிக்க வேண்டும் அண்ணாச்சி. தெம்பான கதை என்னிடம் இல்லை. நாம் தோற்ற கதைதான் இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்ற ஆண்டு இந்த ஊருக்கு நான் வந்தபோது, வாசகர் வட்டம் என் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்தது. என்ன புத்தகம் பிடிக்கும்? படக்கதையா, பாடப்புத்தகமா? சுவருக்கு என்ன நிறம் வேண்டும்? தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். ஆன்றோ என்று ஒரு பையன். "எந்த மாதிரிப் புத்தகம் இருந்தால் நூலகத்துக்கு வருவாய்?" என்றேன். "புரோட்டா இருந்தா வாரேன்" என்றான். பக்கத்தில் நின்றவன், "ஏலே, சால்னாவ விட்டுட்டியே" என்றான். சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஏனோதானோவென்று கேட்ட கேள்விக்கு ஏளனமாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். "நூலகத்தில் உனக்குப் பிடித்தது எது?" என்று கேட்டதற்கு நிறையப் பிள்ளைகள் சொன்ன பதில் என்ன தெரியுமா? மின்விசிறி!

ஆனாலும் நாம் சளைத்தோமா? சளைக்கவில்லை. சுவரெங்கும் வண்ணம் தீட்டினோம். துள்ளும் மீன், தாவும் மீன், கண்சிமிட்டும் மீன். கடலில் பிறந்து கடலில் குளித்து வளரும் பிள்ளைகளுக்குக் கடலையே வரைந்து காட்டிய அறிவாளிகள் நாம்! ஒரு சின்னப் பெண் அந்த மீனை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதுக்குச் செவுளே இல்லியே, எப்படி மூச்சு விடும்?" ஓவியப் போட்டி வைத்தோம். ஒப்புவித்தல் போட்டி வைத்தோம். பப்ஸ் கொடுத்தோம். பப்ஸ் தீரும்வரை கூட்டம் இருந்தது. மறுநாள் மேசையும் நாற்காலியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது நாம் என்ன சொன்னோம்? இந்த ஊர் மட்டுமா, நாடே சொல்வதைத்தான் சொன்னோம். போன் கெடுத்துவிட்டது! பிள்ளைகளைப் போன் கெடுத்துவிட்டது! மேடையில் சொன்னோம், தேநீர்க் கடையில் சொன்னோம், சொல்லிவிட்டு நம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டோம்.

ஒரு நாள் மாலை ஏழரை மணி இருக்கும். முத்தையாபுரம் போகும் பேருந்துக்காக, சிலுவை நிற்கும் குருசடிப் பக்கம் நடந்து போனேன். அதன் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். ஒவ்வொரு முகத்திலும் கைபேசியின் நீல வெளிச்சம். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஓரத்தில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்புச் சீருடையைக்கூட மாற்றாமல் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தாள். பெயர் ஸ்டெபி. "இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடாதா?" என்று அதட்டினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல லைட்டு கிடையாதுக்கா."

"கரண்ட் போய்விட்டதா?"

"கரண்ட் இருக்கு. அப்பா உறங்குதாரு."

எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "நீங்க எந்த ஊருக்கா? விடியக் கருக்கல்ல எங்கப்பா கடலுக்குப் போணும். ஏழு மணிக்கெல்லாம் பாயப் போட்ருவாரு. இருக்கது ஒரு ரூம்பு. லைட்டப் போட்டா அவரு எப்படி உறங்குவாரு? உறக்கமில்லாம மறுநாளு வள்ளத்துல எப்படி நிப்பாரு?"

"அடுப்படியில் உட்கார்ந்து படிக்கலாமே?"

"குசினிக்குக் கதவு கிடையாதுக்கா. அந்த லைட்டு நேரா அவரு கண்ணுல அடிக்கும். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் இதே கததான். போய் எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். வரிசையாக இருட்டு வீடுகள். உள்ளே உறங்கும் தகப்பன்மார். வெளியே, சத்தம் போடாமல் பேசப் பழகிய பிள்ளைகள். அவள் கையில் இருந்த போனில் என்ன ஓடியது என்று பார்த்தேன். கணக்கு! கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது!

அன்பானவர்களே, கைபேசி அந்தப் பிள்ளைகளைக் கெடுத்ததா? அந்தத் தெருவில் அப்பாவை எழுப்பாத வெளிச்சம் அது ஒன்றுதான். பள்ளி விட்டு வந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், அம்மா வரும்வரை அடுப்பைப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது மணி ஏழு. வீட்டில் விளக்கு அணைகிறது. அதே ஏழு மணிக்கு நம் நூலகத்தில் விளக்கு அணைகிறது. என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டோமே, எந்த நேரத்தில் இடம் வேண்டும் என்று கேட்டோமா? சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டோமே, உன் வீட்டில் எப்போது இருட்டுகிறது என்று கேட்டோமா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் கேள்வி எழுதியவர்கள் வீட்டிலெல்லாம் பத்து மணிக்கும் டியூப்லைட் எரியும்.

ஜெபசுதா அக்காவிடம் சொன்னேன். வாசகர் வட்டத்திடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, மழைக்காலம் தொடங்கியதும் இரவு ஒன்பது வரை திறந்து வைத்தார். விளம்பரம் செய்யவில்லை. போட்டி இல்லை, பப்ஸ் இல்லை. முதல் நாளே படிக்கட்டு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. புரோட்டா கேட்ட ஆன்றோ இயந்திரவியல் வரைபடம் வரைந்துகொண்டிருந்தான். ஸ்டெபி ஜன்னல் ஓரத்து மேசையில் உட்காருவாள். "எதற்கு இப்படிப் படிக்கிறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். "கப்பல் அதிகாரிப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதணும்க்கா" என்றாள். "கப்பல்ல சாமான் தூக்குத வேல இல்ல. கப்பல ஓட்டுத வேல. எங்க மாமா சொல்லுதாரு, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு. அவரு இருவது வருசமா எஞ்சின் ரூம்ல எண்ணெ ஊத்துதாரு. மேல நின்னு அவர நான் வேல வாங்குவேன்னு பயம்."

மேலே நிற்கத்தான் அவள் படித்தாள். கணக்கும் இயற்பியலும், கணக்கும் இயற்பியலும், மழை ஓய்ந்து தை பிறக்கும்வரை.

தையில் பேச்சு கிளம்பியது. இருட்டிய பிறகு பெண்பிள்ளையும் ஆண்பிள்ளையும் ஒரே மேசையில் என்ன செய்கிறார்கள் என்று நாலு பேர் கேட்டார்கள். என்ன செய்தார்கள்? ஒருவருக்கொருவர் ரப்பர் கடன் கொடுத்தார்கள்! படிக்கட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்காதவர்கள், வெளிச்சத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்கள். வாசகர் வட்டம் கூடியது. ஏழு மணிக்கு மேல் திறக்கக் கூடாது என்று முடிவானது. எதிர்ப்பே இல்லை.

என்ன அண்ணாச்சி? "நானா பூட்டச் சொன்னேன், ஊருதான சொல்லிச்சு" என்கிறீர்களா? உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நீங்கள் பயந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஊர் சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு நடந்தது? வட்டத்துக்காரர்கள் கடை அடைத்துவிட்டு வர வசதியாக எட்டு மணிக்கு! எட்டு மணிக்கு இந்தக் கடலோடிகள் எங்கே இருப்பார்கள்? எந்தப் பிள்ளைகளுக்காக அந்தக் கதவு திறந்திருந்ததோ, அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லோரும் உறங்கும் நேரத்தில் கூட்டம் போட்டு, எதிர்ப்பே இல்லை என்று எழுதிக்கொண்டோம். உறங்குகிறவன் எப்படி எதிர்ப்பான்?

பூட்டிய மறுநாள் ஸ்டெபி பழையபடி படிக்கட்டுக்குப் போனாள். போனில் கணக்கு கேட்கலாம், போட்டுப் பார்க்க முடியுமா? மடியில் தாளை வைத்துக்கொண்டு தெருவிளக்கின் கீழே கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவர் பார்வை பொறுக்காமல் அதையும் விட்டாள். தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. கதவு திறந்தே இருந்திருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிடைத்திருக்காது என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் வாய் இல்லை.

இப்போது எறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த நேரம் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்பாள். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "அடுத்த வருடம் மறுபடி எழுதலாம்" என்று தொடங்கினேன். "சும்மா இருங்கக்கா" என்றாள். "நின்னு நின்னு காலு வீங்கிப் போவுது, இதுல எங்க படிக்க? என்னய விடுங்க. எந்தங்கச்சி ஆனி பத்தாங்கிளாசு. அவளும் இப்ப அந்தப் படிக்கட்டுலதான் உக்காந்திருக்கா. அவளுக்கு ஒரு வழி பண்ணுங்க."

ஈர்ப்பது எப்படி என்று தலைப்புத் தந்தீர்களே, யாரை ஈர்க்க வேண்டும்? அவர்கள் வந்தார்கள்! தாமாக வந்தார்கள்! வந்த பிள்ளைகளை வெளியே அனுப்பிப் பூட்டிவிட்டு, வரவைக்க வழி என்ன என்று விழா எடுக்கிறோம். இதற்கு வெட்கப்படாமல் வேறு எதற்கு வெட்கப்படப் போகிறோம்?

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பி முறைக்க வேண்டாம். அது அவமரியாதை இல்லை. மணி ஏழாகிறது, அவர்கள் உறங்கப் போகும் நேரம். அண்ணன்மார்களே, ஒரு நிமிடம் மட்டும் நில்லுங்கள். நீங்கள் உறங்கும்போது எடுத்த முடிவை, நீங்கள் விழித்திருக்கும்போது திரும்பக் கேட்கிறேன். இந்த நூலகம் இன்று முதல் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கலாமா? சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள்.

அதோ மீன்கூடையோடு இருக்கும் அல்போன்சா அம்மா, என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், மேடைக்குக் கேட்கட்டும். "நாங்க ரெண்டு ரெண்டு பேரா மொற வச்சு வாசல்ல உக்காருதோம், எவன் என்ன பேசுதான்னு பாக்குதோம்" என்கிறார்! அண்ணாச்சி, கேட்டீர்களா? காவலும் கிடைத்துவிட்டது.

கைகளைப் பாருங்கள் அண்ணாச்சி. எண்ண வேண்டாம், பார்த்தால் போதும். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். கடைசியில் தூணோரம் நிற்கிறாரே, அவர் மெல்வின் அண்ணன், ஸ்டெபியின் அப்பா. அவர் கையும் மேலே இருக்கிறது. தையில் அந்தக் கூட்டத்தை இவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே இந்தக் கை உயர்ந்திருக்கும். தன் மகளுக்கு உயர்த்த முடியாமல் போன கையை, இன்று ஊர்ப் பிள்ளைகளுக்காக உயர்த்தி நிற்கிறார். மெல்வின் அண்ணன், நம் எல்லோர் சார்பிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அண்ணாச்சி தலையசைக்கிறார். ஜெபசுதா அக்கா நூலகச் சாவியோடு எழுந்துவிட்டார்.

கைகளை இறக்குங்கள் அண்ணன்மார்களே, போய் நிம்மதியாக உறங்குங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், கோபத்தோடு கேட்டவர்களுக்கும் என் நன்றி; தாய்மார்களுக்கு என் வணக்கம். ஆனி, அங்கே என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? உள்ளே போ.