அஞ்சலாட்சி கேட்ட கேள்வி

அந்தக் காலத்துல, இதே பூவத்தடியில, மழை ஊரையே மறந்துபோச்சாம். ஆடு மாடு செத்து, சனம் புல்லரிசி பொறுக்கித் தின்னுச்சாம். அப்போ அஞ்சலாட்சின்னு ஒருத்தி, புருசனப் பறிகுடுத்தவ, தங்கச்சி காத்தாயிய ஊருல விட்டுட்டு, பாண்டிச்சேரிக்கு நடந்தே போனாளாம் பிழைக்க.

அங்க வெள்ளைக்காரங்க தெருவுல எந்த வாசல்ல நின்னாலும் ஒரே கேள்வியாம். "பிராஞ்சு பாசை தெரியுமா?" தெரியாது. "போ, போ!" கடைசியா ஒரு வீட்டுல பிள்ளைக்குப் பீத்துணி தொவைக்கச் சேத்துக்கிட்டாங்க. பிள்ளை மழலை பேசப் பேச இவளும் கூடவே பேசினா. அது ஓடியாடித் திரியறதுக்குள்ள இவ பிராஞ்சுல பொளந்து கட்டினாளாம். கெட்டிக்காரி! அதுதான் அவளுக்கு வெனையாப் போச்சு.

கப்பலுக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி சவரிமுத்து மோப்பம் பிடிச்சு வந்தான். "இந்தா அஞ்சல, இனிமே நீ துணி தொவைக்க வேணாம். கப்பல் ஏறுற சனத்துக்கிட்ட சர்க்கார் துரை பிராஞ்சுல கேப்பாரு, 'மனசாரத்தான் போறியா?'ன்னு. நீ தமிழ்ல 'கஞ்சி குடிச்சியா?'ன்னு கேளு, போதும்."

கேட்டா. பாண்டியில வேலைன்னு நம்பி வந்த சனம், அப்பத்தான் கஞ்சி குடிச்ச சனம், தலையாட்டுச்சு. துரை சரின்னாரு. கப்பல் போச்சு. போனவங்க ஒருத்தரும் திரும்பல. இவளுக்குச் சோறு எறங்கலையாம். ஆனாலும் மறுபடி போனா. வயிறுன்னு ஒண்ணு இருக்கே, பாவி வயிறு!

ஒருநாள் பாத்தா, வரிசையில பூவத்தடி சனம் நிக்குது. முன்னால காத்தாயி. அக்காவப் பாத்ததும் மொகம் மலந்து, பின்னால திரும்பிச் சொன்னாளாம், "பயப்படாதீங்க, எங்கக்கா இருக்கா!"

துரை கேட்டாரு. மேஸ்திரி மொறைச்சான். அஞ்சலாட்சி தங்கச்சியப் பாத்தா. அப்புறம் தொண்டை கிழியக் கத்தினா, "கடல் தாண்டிக் கரும்புக்காட்டுக்குக் கொண்டுபோறான்! போனவங்க யாரும் வரல! மனசாரத்தான் போறியாடி காத்தாயி?"

"ஐயோ, நான் வரலக்கா!" ஒருத்தரும் தலையாட்டல. துரை அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிட்டாராம்.

அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மேஸ்திரி ஆளுங்க அஞ்சலாட்சி வாயக் கட்டிக் கப்பலுக்குப் போற படகுல தூக்கிப் போட்டாங்களாம். அவகிட்ட மட்டும் அந்தக் கேள்விய யாருமே கேக்கல.

அதான் நம்ம ஊருல, பிழைக்கப் போறவங்கள வாசல்ல நிறுத்தி அந்தக் கேள்வியக் கேக்குறது. தலையாட்டுனா செல்லாது, வாயால சொல்லணும். போன வருசம் எம்மவன் பாரிசுக்குக் கிளம்பினான். பெட்டிய கார்ல ஏத்தியாச்சு. கேட்டேன். தலைய ஆட்டுனான். "வாயத் தொறந்து சொல்லுடா"ன்னேன். நின்னான், நின்னான், நின்னுக்கிட்டே இருந்தான். பெட்டிய எறக்கி உள்ள வச்சுட்டோம்.