பொட்டு வைத்த பொய்மீன்

கதிரை வசதியாக இருக்கிறது, நன்றி. எங்கள் சங்கத்துக்கும் இப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன். தலைவரின் கதிரை ஆடினால் தீர்மானமும் ஆடும். பிள்ளை தனுஷியா, இதையும் அந்தப் பொலிஸ் ஐயாவுக்கு ஜேர்மன் மொழியில் சொல்லலாம். அவர் எழுதாவிட்டால் பரவாயில்லை. நான் மேடைத் தமிழில் பேசுவது மொழிபெயர்க்கக் கஷ்டமாக இருந்தால் மன்னிக்க வேண்டும். ஓல்டன் தமிழர் தூண்டில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து சச்சிதானந்தன்தான் தலைவர். வாய் பழகிவிட்டது.

தயாபரன் துன் ஏரியில் விழுந்து இறந்தது பற்றி இந்த வசந்தத்தில் நான் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

முதலில் பொய்மீன் என்னவென்று ஐயாவுக்கு விளங்க வேண்டும். ஏரியின் பெரிய ட்ரவுட் மீன் சின்ன வெள்ளி மீன்களைத் தின்று வளர்வது. அந்தச் சின்ன மீனைப்போல ஒன்றை, தூண்டில் முள்ளின்மேல் ஆட்டு மயிராலும் இறகாலும் நூலாலும் கட்டுவோம். சுவிஸ்காரர் அதை ஈ என்கிறார்கள். ஈக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அவர்களுடைய நாடு, அவர்களுடைய ஈ. பொய்மீன் என்ற பெயரைச் சங்கத்தில் முன்மொழிந்தவன் நான். பட்டுச்சேலைச் சரிகையைப் பிரித்து விலாவில் ஓர் இழை வைத்தால் தண்ணீருக்குள் மின்னும் என்று கண்டதும் நான். என் மனைவி தன் கலியாணக் கூறைச்சேலையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா.

தயாபரனைச் சங்கத்தில் சேர்த்ததும் நான்தான். அவனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பகல் முழுக்கக் கிழவர்களுக்குச் சூப் பருக்கி விரல்கள் பொறுமை படித்திருந்தன. நான் கட்டுகிற பொய்மீன் அளவில் பிழையில்லாதது, புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். அவன் கட்டியது நீந்தியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஞாயிறு பின்னேரம் திரிம்பாக்கில் அவனுடைய குசினியில் இருந்து கட்டிக்கொண்டிருந்தோம். மீனுக்கு ஒட்டுகிற கண்கள் முடிந்துவிட்டன. தேத்தண்ணி கொண்டுவந்த பவதாரணி, அவனுடைய மனைவி, எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, குருட்டு மீனோ கட்டுறியள்?"

"கண் முடிஞ்சுது. நாளைக்குத்தான் கடை திறப்பான்" என்றான் தயாபரன்.

"கண்ணுக்கும் கடைக்குப் போற ஆக்கள் நீங்கள்தான்" என்று நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை உரித்து மீனின் தலையில் ஒட்டினாள். கறுப்புப் பொட்டு, சுற்றிவர வெள்ளி வளையம். மீன் எங்களைப் பார்த்தது.

"வடிவாக் கிடக்கு" என்றேன் நான்.

இந்த இடத்தை ஐயா கவனமாக எழுத வேண்டும். பொட்டு அவளுடையது, ஒட்டியதும் அவள். மேலே வார்னிஷ் பூசியவன் தயாபரன். ஆனால் அது நல்லது என்று முதலில் சொன்னவன் நான். ஒரு யோசனை யோசனையாவது தலைவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

அதன்பிறகு ஹெர் வைபெலின் சுவிஸ் தூண்டில் சங்கம் எங்களை விருந்துக்கு அழைத்தது. ஹெர் வைபெல் தொப்பி நிறைய ஈ குத்தி வைத்திருப்பவர். ஏரியைத் தன் பாட்டனார்தான் வெட்டிவித்தார் என்பதுபோல் பேசுவார். என் பொய்மீன்களை வருடக்கணக்காகப் பார்த்து 'இன்டரெசாண்ட்' என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விடுகிறவர். தயாபரனின் மீனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். அதன் நடுவில் அந்த மீனைக் குத்தினார். எனக்கு அதில் ஒன்றுமில்லை. பொறாமை சின்ன மனிதர்களின் வியாதி. அன்று சீஸ் தொண்டையில் இறங்கவில்லை, சீஸ் சரியில்லை.

பேசச் சொன்னபோது தயாபரன் எழுந்து, "இதெல்லாம் சச்சி அண்ணையிட்டைப் பழகினது" என்றான். அதை ஜேர்மனிலும் சொன்னான். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். பெருமையைப் பறிக்கிறவனை மன்னிக்கலாம். எடுத்து நீட்டுகிறவனை எப்படி மன்னிப்பது? எனக்குக் கொடுக்க அவன் யார்?

சங்கத்தின் லைஃப் ஜாக்கெட்டுகள் என் பொறுப்பில் இருப்பவை. தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் சின்னக் காஸ் குப்பி திறந்து ஜாக்கெட் ஊதிவிடும். ஒன்றின் குப்பியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பரிசோதிக்கத்தான். திரும்பப் பூட்ட மறந்துபோனேன். எந்த ஜாக்கெட் என்பதை மட்டும் மறக்கவில்லை.

கரையில் இன்னும் பனி கிடந்த காலை அது. நாங்கள் இருவரும் மட்டும். அவன் தடித்த கோட்டும் சப்பாத்தும் போட்டு வந்திருந்தான்.

"ஜாக்கெட்டைப் பிறகு போடட்டோ அண்ணை? குளிருது."

"சட்டம் சட்டம்தான் தயா" என்று நானே போட்டு, நானே கொளுக்கியைப் பூட்டிவிட்டேன்.

"நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன பயம்" என்று சிரித்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய தூண்டில் தடி வளைந்தது. "அண்ணை, ஏரியே இழுக்குது!" என்றான். அப்படியொரு மீன் எங்கள் சங்கத்தில் எவனும் கண்டதில்லை. அது படகுக்குக் கிட்ட வந்ததும் அவன் செய்ததைப் பாருங்கள். தடியை என் கையில் தந்தான். "நீங்கள் பிடியுங்கோ. உங்கடை பேரிலை வரட்டும்." கைவலையை எடுத்துக்கொண்டு விளிம்பில் எழுந்து குனிந்தான்.

திரும்பவும் கொடுக்கிறான்.

நான் தள்ளவில்லை. நான் இருந்த பக்கத்திலிருந்து அவன் நின்ற பக்கத்துக்கு மாறி இருந்தேன். படகில் எங்கே இருப்பது என்று முடிவெடுக்கத் தலைவருக்கு உரிமை உண்டு. படகு சரிந்தது.

அவன் ஒரு தடவை மேலே வந்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணை" என்றான். கோபமாக இல்லை. கூட்டத்தில் நான் ஏதும் விட்டுவிட்டால் மெதுவாக நினைவுபடுத்துவானே, அந்தக் குரல். என் இரண்டு கைகளிலும் தடி. நூல் தளர்ந்தால் மீன் போய்விடும், இது தூண்டில் பிடித்த எவருக்கும் தெரியும். கைவலை மிதந்து என் பக்கம் வந்தது. எட்டி எடுத்தேன். மீனை ஏற்றினேன். அதன்பிறகு அவனைத் தேடினேன்.

அன்று உங்கள் ஆட்களிடம், தயாபரன் மீனோடு மல்லுக்கட்டும்போது விழுந்தான், நான் கை கொடுத்தும் எட்டவில்லை என்று சொன்னேன். அவசரத்தில் சொன்னது. ஜாக்கெட்டின் குப்பியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, பவதாரணி வெறும் நெற்றியோடு வந்து ஒரு பையை நீட்டினாள். உள்ளே ஒட்டுப்பொட்டுப் பெட்டிகள். "இனி எனக்கு என்னத்துக்கு அண்ணை. உங்கடை மீனுக்கு வையுங்கோ." வாங்கிக்கொண்டேன். வெள்ளி வளையம் வைத்தது இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. அவற்றை வைத்துக் கட்டிய மீன்கள் கண்ணால் பார்க்கத்தான் செய்கின்றன. நீந்தவில்லை.

போன சனிக்கிழமை ஹெர் வைபெலின் மண்டபத்தில் விழா. அந்த ட்ரவுட்டை வார்ப்பெடுத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். திரையின் ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான். கீழே 'தயாபரனின் கடைசி மீன்' என்று பித்தளையில் பொறித்திருந்தது. பொட்டு வைத்த பொய்மீனுக்கும் இனிமேல் அவன் பெயர்தானாம். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்ட வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தவரை கொடுத்துக்கொண்டிருந்தவன், செத்தபிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

ஆகவே ஐயா, அந்த ஜாக்கெட்டில் குப்பி இருக்கவில்லை. கழற்றியவன் நான். என் வீட்டு மேசை லாச்சியில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். படகைச் சரித்தவன் நான். அவன் கூப்பிட்டபோது தடி என் கையில் இருந்தது, மீனை ஏற்றியவன் நான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. பொறாமையில் செய்ததா என்று ஐயா கேட்கிறார். இல்லை என்று எழுதுங்கள்.

பிள்ளை தனுஷியா வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். ஒரே வரியை ஏன் இரண்டு தரம் வாசித்தீர்கள், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கோ. பெரும்பாலும் சரி. 'சாக விட்டேன்' என்று இருக்கிறது. 'கொன்றேன்' என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் ஓரிடத்தில் 'தயாபரனின் மீனை ஏற்றுவதற்காக' என்று எழுதியிருக்கிறார். அதை வெட்டி 'என் மீனை' என்று போடச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்து வைக்கிறேன்.