காலியான வலது ஓரம்

ஒரு கோப்பைத் திறந்ததும் கண்ணில் படுவதுதான் முழுக் கோப்பு என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலைப் பார்த்துவிட்டு வீட்டையே பார்த்ததாகச் சொல்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார், சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் புரியும்படி மெதுவாகவே சொல்கிறேன்.

கணினியில், வேர்டு கோப்பில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினால், திருத்தம் சிவப்பில் தெரியும். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் வலது ஓரத்தில் சின்னப் பெட்டியில் குறிப்பு எழுதலாம். மேலே ஒரு பட்டியல் இருக்கிறது. அதை இழுத்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பும் போய்விடும், பெட்டிகளும் போய்விடும். துடைத்துவிட்ட மாதிரி பக்கம் வெள்ளையாக இருக்கும். எதுவும் அழிவதில்லை. தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலையில் வேலைமுறைத் தாள்களைத் தயாரிப்பவன் நான். எந்தத் தொட்டியை எப்படிக் காலி செய்வது, எப்படிக் கழுவுவது, யார் எப்போது இறங்குவது. நான் எழுதுவேன். பாதுகாப்புப் பிரிவு சரிபார்த்துக் குறிப்பு எழுதும். அதை நான் கோப்பில் சேர்த்து அனுப்புவேன். மேலாளர் திரையில் படித்துவிட்டு, அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவார். படித்துவிட்டு என்பது மரியாதைக்காகச் சொன்னது.

பாதுகாப்புப் பிரிவில் சரிபார்த்தவள் என் மனைவி.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார். "என்னப்பா இது, பக்கம் பூரா அம்மை போட்ட மாதிரி? எனக்குச் சுத்தமா வேணும்."

அவருடைய கணினியில் சுத்தம் செய்யப்பட்டது. கோப்பைத் திறக்கும்போதெல்லாம் மறைந்திருக்கும் திருத்தங்களைக் காட்டு என்று அமைப்புகளுக்குள் ஒரு டிக் உண்டு. அதுவும் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த மனிதர் ஒரு குறிப்பைக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருட அனுபவம் என்று மேசைமேல் பலகை வைத்திருக்கிறார். ஒரு பட்டியலை இழுத்துப் பார்க்க விரல் வரவில்லை.

சென்ற வருடம் மூன்றாம் தொட்டியைக் கழுவினார்கள். தொட்டியில் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி வைப்பது வழக்கம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டு முறை மூச்சை இழுத்தால் போதும், ஆள் சாய்ந்துவிடும். வால்வை மூடி, நல்ல காற்றைச் செலுத்தி, அளந்து பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும். நான் எழுதிய தாளில் ஒரு வால்வு இருந்தது. புதிதாக இன்னொரு குழாய் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது வால்வையும் மூட வேண்டும் என்று என் மனைவி குறிப்பு எழுதினாள். அந்த ஒரு குறிப்பு மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. மேலாளர் கையெழுத்துப் போட்டார். தான் சொன்னபடி இரண்டையும் மூடியிருப்பார்கள் என்று நம்பி, காற்றை அளக்கும் மீட்டரை உள்ளே நீட்டுவதற்காக அவள் தொட்டி வாயில் குனிந்தாள். நிமிரவில்லை.

விசாரணையில் மேலாளர் சொன்னது இதுதான்: "என் ஸ்கிரீன்ல எந்தக் குறிப்பும் தெரியல சார்." உண்மைதான். உண்மை சொன்னவரை என்ன செய்வது? விட்டுவிட்டார்கள்.

பிறகு இரண்டு ஏற்பாடுகள் வந்தன. குறிப்பு ஏதாவது சேராமல் நின்றால் நான் மேலாளரிடம் வாயால் சொல்ல வேண்டும். "வேர்டு கீர்டெல்லாம் எனக்கு வேணாம்பா, நீ வந்து சொல்லிடு" என்றார். இன்னொன்று, கையெழுத்துப் போடுகிறவரே முதலில் இறங்க வேண்டும். மீட்டரையும் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பட்ட பிறகு வருகிற புத்தி எப்போதும் பூட்டோடுதான் வரும்.

போன வாரம் ஐந்தாம் தொட்டி. என் மனைவியின் இடத்துக்கு வந்தவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கவனமான மனிதர். இதற்கும் இரண்டாவது வால்வு உண்டு, அதை மூடாமல் யாரும் இறங்கக் கூடாது என்று குறிப்பு எழுதிவிட்டு விடுப்பில் போனார். மீட்டர் அலமாரியின் சாவியும் அவரோடு விடுப்பில் போனது. நான் குறிப்பைச் சேர்க்கவில்லை. அழிக்கவும் இல்லை. கோப்பை அப்படியே அனுப்பினேன்.

மேலாளர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்றேன். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "உங்க ஸ்கிரீன்ல இருக்கறதுதான் சார்" என்றேன். அவருக்கு நிறைவாக இருந்தது.

தொட்டியடிக்கு வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஏணி எனக்கு ஒத்துக்காதுப்பா. நம்ம ஃபிட்டர் இறங்கட்டும். சும்மா ஒரு சம்பிரதாயம்தானே."

ஃபிட்டர் என் மனைவியின் தம்பி. அக்கா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவான். நான் கேட்காமலே வீட்டைக் கூட்டிவிட்டுப் போவான்.

தாளை என்னிடம் ஆட்டிக் காட்டினான். "என்ன மாமா, நீங்க எழுதினதா? அப்ப கண்ண மூடிட்டு இறங்கலாம்."

"ம்."

"அக்கா இருந்திருந்தா இந்நேரம் நாலு தப்பு கண்டுபிடிச்சிருக்கும்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "எல்லாம் சரியாத்தானே இருக்கு மாமா?"

"கையெழுத்து இருக்கு" என்றேன். இருந்தது.

உள்ளே பதினொரு படி. கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கூப்பிட்டிருந்தால் கையெழுத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலாளர் வீட்டுக்குப் போயிருப்பார். ஒருமுறை தப்பியவர். இந்த முறை தாளில் அவர் பெயர் இருக்க வேண்டும், கீழே ஆள் கிடக்க வேண்டும். இதை யோசித்து முடிப்பதற்குள் அவன் ஏழாவது படியில் பிடியை விட்டான்.

நேற்று மேலாளரையும் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அழுகிறார். முட்டி வலியாக இருக்கும்.

கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். அவருடைய கணினியில் அந்த டிக்கை எடுத்தது நான். சுத்தம் கேட்டார், கொடுத்தேன். மூன்றாம் தொட்டிக் கோப்பில் என் மனைவியின் குறிப்பைப் படித்தேனா என்றால், படித்தேன். முந்தின நாள் கேன்டீனில், ஃபிட்டர்கள் எல்லாரும் இருக்கும்போது, "எங்க வீட்டுக்காரர் சமைச்சா உப்பு குறையும், எழுதினா வால்வு குறையும்" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் குறிப்புக்குக் கீழே எனக்காக இன்னொரு வரி எழுதியிருந்தாள்: "கோவம் வீட்டோட இருக்கட்டும். இத மட்டும் சேத்துடுங்க."

சேர்க்கவில்லை. ஒரு நாள் காத்துக் கிடக்கட்டும், மேலாளர் பார்த்துத் திருப்பி அனுப்பட்டும் என்றுதான்.

அந்த வரி இன்னும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?