டப்பாவில் ஒட்டிய படம்

“ஹலோ... அக்கா, நான்தான்... ஆங், வேலையிலதான் இருக்கேன்... மிஷின் ஓடுது, சத்தம் இல்லாம என்ன செய்யும். நீயும் கத்திப் பேசு... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அத விடு. ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காம சொல்லு. டப்பாவுல ஒட்டியிருக்கறது யாரு படம்?”

ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில், மடித்த துண்டுகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. இடது கையில் போன். வலது கையில் தங்க நிற மூடி போட்ட ஒரு சத்துப்பொடி டப்பா.

“எந்த டப்பாவா? நீ விக்கறியே, அதுதான். என் கையிலதான் இருக்கு... நான் ஏன் வாங்கறேன், எனக்கென்ன பைத்தியமா? பஞ்சுவோட பையிலேர்ந்து எடுத்தேன்... பஞ்சுதான். என்கூட பெட்ஷீட் மடிக்கறவ... பாத்தியா, யாருக்கு வித்தேன்னுகூட உனக்கு ஞாபகம் இல்ல.”

“... விழுந்துட்டா... ஆமா, மயக்கம் போட்டு. இன்னிக்குக் காலையில. இந்த முனைய நான் புடிச்சிருக்கேன், அந்த முனைய அவ. ஒரு உதறு உதறினேன். துணி என் பக்கமா வருது, எதிர்ல ஆளைக் காணோம். பாத்தா பெட்ஷீட்டுக்கு அடியில கெடக்கா... உயிரோடதான் இருக்கா. உக்கார வச்சிருக்கோம். மாத்திரை கீத்திரை வச்சிருக்காளான்னு பைய தொறந்தேன். உள்ள நான் இருக்கேன்.”

“... சிரிக்காதக்கா. குண்டா ஒரு நான், ஒல்லியா ஒரு நான், நடுவுல ஒரு அம்பு. கீழ உன் நம்பர்.”

அவள் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பழைய படத்தில் அவள் நீல உடையில் பல் தெரியச் சிரித்தாள். அந்தப் படம் எடுத்தபோது அக்கா பக்கத்தில் நின்று தோளை அணைத்திருந்தாள். இப்போது அக்காவை வெட்டி எடுத்துவிட்டார்கள். கை மட்டும் மிச்சம். மணிக்கட்டோடு நின்றுபோன அந்தக் கை அவள் தோள்மீது வைத்தது வைத்தபடியே இருந்தது.

“உன் கைய சரியா வெட்டல. இன்னும் என் தோள்ல இருக்கு... ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

“... இரு, இரு. அவ சாப்பிடாததுக்கு நீ பொறுப்பில்லையா? அவ என்ன சொல்றா தெரியுமா? மூணு வேளையும் இந்தப் பொடிதான், வேற ஒண்ணும் தொடறதில்லையாம். ஏண்டின்னு கேட்டா, ‘நீங்க அப்படித்தான இளைச்சீங்க, உங்க அக்கா சொன்னாங்க’ங்கறா... ஆமா, சொன்னியாமே. அதுக்கு மேல இன்னொண்ணும் சொன்னியாமே. என் தங்கச்சி கூச்சப்படுவா, அவகிட்ட இதப்பத்தி வாயத் தொறக்காதன்னு... எவ்ளோ கெட்டிக்காரத்தனம். தினமும் என் எதிர்ல நின்னு துணி மடிக்கறா. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல.”

“... என்ன சொல்லியிருப்பேனா?”

அக்கா அந்தப் பக்கம் எதையோ விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டுதான்.

“சரி. சரி. நான்தான் யாருகிட்டயும் சொல்லாதன்னேன். கேட்டவங்ககிட்ட நடந்து இளைச்சேன்னேன். ஒத்துக்கறேன். சொல்லாதன்னா வாய மூடிட்டு இருக்கணும். காலியா இருந்த இடத்துல உன் டப்பாவக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேனா?... ரெண்டும் ஒண்ணா? ரெண்டும் ஒண்ணாக்கா?”

“... நீ வெளியில உக்காந்திருந்தே. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல. என் செருப்பையும் பையையும் மடியில வச்சுக்கிட்டு. நான் இளைக்கறதுக்கு என் வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்தாங்கன்னு உலகத்துல மூணே பேருக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்கு, எனக்கு, உனக்கு. தெரியாதவ யாராவது இதச் செஞ்சிருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன்.”

“... பழைய கதையா? இந்தப் பொடி எனக்கு என்ன செஞ்சுதுன்னு மறந்துட்டியா? ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப நீதான கலக்கிக் குடுத்தே. ஒரு டம்ளர். பாதிகூட போகல. ஒடம்பு பூரா வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, குளியலறைத் தரையில சுருண்டு கெடந்தேன். துடைச்சுவிட்டது யாரு? நீதான். டயட்டீஷியன் அம்மா டப்பாவத் திருப்பிப் பாத்துட்டு என்ன சொன்னாங்க? ‘இதுல முக்காலும் சக்கர, இத யாரு குடுத்தா’ன்னாங்க. நீ எங்க பாத்தே அப்போ? சொவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தே.”

“... ஆமா, எல்லாம் ஞாபகம் இருக்கும். சின்ன வயிறு, அதுல போட்டது வெளிய வர்றதில்ல.”

“... அந்த மாட்டுத் தீவனமா? வா, அதுக்கு வா. அதத்தான் நானும் பேசணும். மருந்துக்கடையில நான் ஒவ்வொரு டப்பாவா திருப்பித் திருப்பிப் பாக்கறேன், நீ பக்கத்துல நின்னு மானம் போகுதுங்கறே. முன்பக்கத்தப் பாக்காதீங்க, அங்க எல்லாம் தசை முறுக்கின ஆம்பளைங்கதான் இருப்பாங்க, பின்பக்கத்தப் பாருங்கன்னு டயட்டீஷியன் அம்மா சொன்னாங்க. ஒரு கரண்டிக்குப் புரதம் எவ்ளோ, சக்கர எவ்ளோ. பாத்தேன். அடித்தட்டுல தூசி படிஞ்ச பாக்கெட்டு ஒண்ணு, படமே இல்ல, பேரு பாதி அழிஞ்சிருக்கு. அதுலதான் புரதம் அதிகம், சக்கர இல்லவே இல்ல. வெல உன் டப்பாவுல கால்வாசி. மண்ணு மாதிரிதான் இருந்துது. மூக்கப் புடிச்சிட்டுக் குடிச்சேன். முடி கொட்டறது நின்னுது. பத்துக் கிலோ ஈரத்துணிய இழுத்துப் போடற தெம்பு வந்துது. நீ மாட்டுத் தீவனம்னு சிரிச்சே. அந்தத் தீவனத்துல நின்னுக்கிட்டிருக்கற என்னப் படம் புடிச்சு, சக்கர டப்பாவுல ஒட்டியிருக்கே.”

“... கம்பெனிக்காரங்க கேட்டாங்களா. கம்பெனிக்காரங்க கேட்டா குடுத்துருவியா? நான் என்ன உன் வீட்டு ரேஷன் கார்டா?”

ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாவற்றையும் சின்னச் சின்ன வாயாக விழுங்கப் பழகியிருந்தாள். கோபம் மட்டும் அப்படி இறங்கவில்லை.

“... அழாத. நீ அழுதா நான் இறங்கி வந்துருவேன்னு உனக்குத் தெரியும். சின்னப் புள்ளையிலேர்ந்து இதே வேலை... ஸ்டாக்கு எடுத்துட்டே, சரி. கட்டில் அடியில பெட்டி பெட்டியா கெடக்கு, சரி. அதுக்குப் பஞ்சு விழுந்து சாகணுமா?... சாகலதான். இன்னிக்குச் சாகல. பெட்ஷீட் மடிக்கும்போது விழுந்தா. இஸ்திரி மிஷின்கிட்ட நிக்கும்போது விழுந்திருந்தா? அந்த உருளை என்ன சூடு தெரியுமா உனக்கு?”

“... இன்னும் யார் யாருக்கு வித்திருக்கே? சொல்லு... உன் வாட்ஸ்அப் குரூப்புல எத்தன பேரு இருக்காங்க? ... அம்மாடி.”

“நான் சொல்றதக் கேளு. இன்னிக்கே அந்தப் படத்த எடுக்கற. எடுத்துட்டு, பொடியால இளைக்கல, ஆபரேஷனாலன்னு நீயே அந்தக் குரூப்புல போடற... போடமாட்டியா? அப்ப நான் போடறேன்... போடுவேன். என் பேரப் போட்டே போடுவேன். வயித்துல அஞ்சு தழும்பு இருக்கு, அதையும் படம் புடிச்சுப் போடறேன். நீ அதுக்கும் ஒரு அம்பு வரைஞ்சுக்க.”

“... என்னது?”

“... திருப்பிச் சொல்லு. என் மாமியார்கிட்ட சொல்லிடுவியா?”

அவள் டப்பாவை அலமாரியின் மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனால் தகரம் மரத்தில் பட்ட சத்தம் டக்கென்று கூடம் முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தடதடப்பு இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்தாள். உலர்த்தும் இயந்திரங்களின் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் துணிகள் அசையாமல் குவிந்துகிடந்தன. இஸ்திரி போடுகிறவள் கையில் தலையணை உறையோடு நின்றிருந்தாள். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றுவிட்டிருந்தார். கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல், தலையில் ஈரத்துண்டோடு, பஞ்சு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“... இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.”

“... ஒண்ணுமில்ல. மிஷின் நின்னுருச்சு.”

“... எப்பன்னு தெரியலக்கா. நான் கத்திக்கிட்டே இருந்திருக்கேன்... ஆமா. எல்லாரும்தான்... ஆபரேஷன், வயிறு, சக்கர, எல்லாம் கேட்டுருக்கும்.”

அவள் அலமாரிக்கு வெளியே வந்தாள். அவளுடைய குரல் இப்போது தாழ்ந்திருந்தது. அந்த அமைதியில் தாழ்ந்த குரலும் மூலைவரை போயிற்று.

“மாமியார்கிட்ட நீ சொல்ல வேணாம். சாயங்காலம் நானே சொல்லிக்கறேன். திட்டட்டும். திட்டறதுக்கு ஒரு விஷயம் கெடச்சா அவங்களுக்கும் பொழுதுபோகும்... இல்ல, பயமில்ல. பயந்த விஷயம் முடிஞ்சுபோச்சு... நீ என்ன சொல்லி என்னைய நிறுத்துவே இனிமே?”

பஞ்சு கூடையிலிருந்து எழுந்தாள். ஒருத்தி பிடிக்கப் போனாள். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து எதிரே நின்றாள், பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடிக்கிற தூரத்தில். அவளுடைய கண்ணில் இருந்த கோபம் அக்காவுக்கு மட்டும் உரியது இல்லை.

“நடந்தே இளைச்சேன்னு நீங்களுந்தான சொன்னீங்க” என்றாள் பஞ்சு.

பஞ்சு போனுக்காகக் கையை நீட்டினாள்.

“... அக்கா, வைக்காத. இரு. அவ கேக்கறா, குடுக்கறேன்... குடுக்கத்தான் போறேன். உன்கிட்ட வாங்கினவதான, பேசு.”

போன் கை மாறியது. பஞ்சு ஈரத்துண்டை ஒதுக்கிவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஹலோ... நான்தான், பஞ்சு... ஆங், இப்பப் பரவால்ல... இல்ல, காசு பத்தி அப்புறம் பேசலாம். அத நான் விடப்போறதில்ல... இல்லக்கா, நீங்க கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவங்க வயித்த வெட்டும்போது நீங்க வாசல்ல உக்காந்திருந்தீங்களா, இல்லையா?”

“... ஹலோ?”

“ஹலோ...”