கல்கண்டுத் தட்டு

— அந்தத் தட்டக் கீழ வெச்சிட்டு உள்ள வா தனம். மேடையில உன் பேரக் கூப்பிடற நேரத்துல கொழாயடியில வந்து நின்னுக்கிட்டு இருக்கியே!

— நான் வரலக்கா. வேற யாரனா பேசச் சொல்லுங்க.

— இத பாரு, வெளாடாத. மெட்ராஸ்லேர்ந்து அந்த அம்மா கார் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. போன வருசம் நம்ம மகளிர் வணிக மன்றத்துக்கு வந்து மைக்லியே கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா? "எல்லாம் ஒரே நாலு தெருப் பொண்ணுங்களா இருக்கீங்களே, மத்த பொண்ணுங்க இந்தக் காலேஜ்ல இல்லியா?"ன்னு. திண்டிவனம் பூரா நாறிப் போச்சு. அதுக்குத்தான் செக்ரட்டரியா நின்னு உங்களையெல்லாம் நானே சேத்தேன்.

— சேத்தீங்க. காலனி முனியம்மா கையில தொடப்பத்தக் குடுத்தீங்க. என் கையில தட்டக் குடுத்தீங்க.

— வாசல்ல நின்னு வரவேற்கறது கௌரவம்டி. வர்றவங்க மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கறாங்க.

— மூஞ்சிய எங்க பாத்தாங்க? பன்னீர் தெளிச்சேன், தலைய நீட்டுனாளுங்க. சந்தனம் தொட்டுக்கினாளுங்க, குங்குமம் வெச்சிக்கினாளுங்க. கல்கண்டாண்ட வந்ததும் கை அப்படியே நின்னுடுச்சு. இந்தா பாருங்க, கொட்டனது கொட்டன மாதிரியே கெடக்குது.

— இன்னிக்கி வெள்ளிக்கெழம. பாதிப் பேரு வெரதம்.

— வெரதக்காரிங்கதான் ஜெயம்மா மேடம் கேசரி கொண்டாந்ததும் எலைய வழிச்சித் தின்னாளுங்களா?

— அந்த மெட்ராஸ் அம்மா எடுத்தாங்க இல்ல?

— இல்ல. கும்பிட்டு, சக்கரை வியாதின்னாங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க கேசரியும் தொடல. மத்தவளுங்களச் சொல்றேன். ரெண்டு பேரு எடுத்தாளுங்க. எடுத்துக்கினு போயி அந்த குரோட்டன்ஸ் தொட்டியில போட்டுட்டு, கைய தாவணியில தொடைக்கிறாளுங்க. நான் பாத்துக்கினே நிக்கறேன், அந்த வெக்கங்கூட இல்ல. போயிப் பாருங்க, தொட்டி பூரா எறும்பு. 

— யாரு யாருன்னு சொல்லு. மன்றத்த வுட்டே தூக்கிடறேன்.

— எல்லாரையும் தூக்கிட்டா, நானும் முனியம்மாவும் எங்களுக்கு நாங்களே பன்னீர் தெளிச்சிக்கினு குந்தியிருக்கணும்.

— ச்சே, இந்தப் பட்டுப் புடவை வேற, இடுப்புல ஒரே அரிப்பு. இத பாரு தனம், எல்லாம் ஒரே நாள்ல மாறிடுமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாறும்.

— காலையில நம்ம மன்றத்துப் பொண்ணு பூமாலை எம்மேல பவுடர் டப்பாவையே கவுத்தாளே, அது எந்தக் கொஞ்சத்துல சேத்தி? கழுத்து, கை, அக்குளுன்னு ஒரு எடம் வுடல. "மீன் வாடை வந்துடப் போவுது, பெரிய எடத்து அம்மா வர்றாங்க"ன்றா. ஹாஸ்டல்ல இருக்கறவ நான். மீனக் கண்ணால பாத்தே மாசக் கணக்காவுது.

— அவ வாய் அப்படித்தான். மனசுல ஒண்ணும் இல்ல.

— மனசுல இல்லாததுதான் வாயில வருதா? எங்கம்மா மரக்காணத்துலேர்ந்து மீன் கூடைய எடுத்துக்கினு பஸ்ஸு ஏறி உங்க ஓமந்தூருக்கு வருது. தெருமொனையில குரல் கேட்டதும் "கூடைய இங்க எறக்கு"ன்னு மொதல்ல கூப்பிடறது உங்க வூடுதானே?

— அதுக்கும் இதுக்கும் என்னடி?

— எங்கம்மா கை பட்ட சங்கரா மீனு உங்க வூட்டுக் கொழம்புல கொதிக்குது. என் கை பட்ட கல்கண்டு தொட்டியில கெடக்குது. மீன்னா கழுவிக்கலாம், கல்கண்டு கழுவுனா கரைஞ்சிடுமேன்னு பயமா?

— போதும் நிறுத்து! என்னமோ நான்தான் உன்ன ஒதுக்கி வெச்சா மாதிரி பேசிக்கிட்டு இருக்க! விழுப்புரம் பொருட்காட்சிய மறந்துட்டியா? அந்த அம்மா மனசு வெச்சாத்தான் மன்றத்துக்கு அங்க கடை. கடை கெடச்சா மேசையாண்ட நீதான் நின்னு விக்கப் போறன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?

— காலேஜ் ஆண்டு விழாக் கடைக்கும் அப்படித்தான் சொன்னீங்க. சாயந்தரம் வரைக்கும் படுதாவுக்குப் பின்னாடி டம்ளர் கழுவுனேன்.

— இந்தத் தடவ அப்படி இல்ல. என் தலை மேல சத்தியம்.

— எனக்கு அந்தக் கடை வேணும்க்கா. இல்லன்னு பொய் சொல்லல. தலையில கூடை இல்லாம, மேசைக்குப் பின்னாடி நேரா நின்னு யாவாரம் பண்ணணும். அது எனக்கு வரும், சின்ன வயசுலேர்ந்து தெருத் தெருவாக் கூவுனவ நான். எங்கம்மா அங்க வந்து என்னப் பாக்கணும். அத நெனச்சிக்கினுதான் காலையிலேர்ந்து இந்த அசிங்கத்தையெல்லாம் முழுங்கினேன்.

— அப்ப வா. மைக்ல ஒரு நிமிசம். "எங்க மன்றத்துல பேதமே இல்ல, எல்லாரும் ஒரு தாய்ப் புள்ளைங்க." அவ்வளவுதான் கேக்கறேன்.

— அதச் சொல்லத்தான் வாய் கூசுது. தொட்டியில போட்டவளுங்க மொத வரிசையில குந்திக்கினு கை தட்டுவாளுங்க. தூ!

— அவளுங்க கெடக்கறாளுங்க, வுடு. நான் உன்ன அப்படி நடத்துனேனா? எல்லாருக்கும் முன்னாடி, மொத ஆளா உன் தட்டுல கை வெச்சது யாரு?

— நீங்கதான்.

— எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "நல்லா இனிப்பா இருக்கு தனம்"னு சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்க. பன்னீர் சொம்ப எடுக்கக் குனிஞ்சிருந்தேன், காதுல வுழுந்துச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னும் இங்க நிக்கறேன். இல்லன்னா தட்ட வீசிட்டு அப்பவே மரக்காணம் பஸ்ஸுல ஏறியிருப்பேன்.

— அப்ப எனக்காகச் சொல்லேன். பேதம் பாக்காதவ இந்த மன்றத்துல ஒருத்தியாவது இருக்கா இல்ல? அப்படி நெனச்சிச் சொன்னா அது பொய்யாவுமா?

— ஆவாதுதான்.

— கேட்டியா, மைக்ல உன் பேரு! ஜல்தி வா. கண்ணத் தொடச்சிக்கோ.

— சரி, நடங்க. மத்தவளுங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன். உங்க ஒருத்தியப் பாத்துக்கினு சொல்லிடறேன்.

— என் தங்கமே! எனக்குத் தெரியும்டி நீ வருவன்னு. மேசையாண்ட நீதான், வேற யாரும் இல்ல. ஸ்ஸ்... என்ன எழவு கடிக்குதோ தெரியல, இடுப்பு எரியுது.

— இருங்க, இப்படித் திரும்புங்க. முந்தானையில இன்னாக்கா முடிச்சு?

— அதுவா? அது... மன்றத்து ரூம் சாவி. வா வா, கூப்பிடறாங்க.

— சாவிய எறும்பு மொய்க்குமாக்கா?