அடியில் மூன்று ஓட்டைகள்

"ஹலோ... ஆமா அண்ணி, நொம்புசோதான். சத்தமாப் பேசுங்க, இங்க ஒரே கூட்டம்... ஆமா, ஆமா, என் கண்காட்சிதான். நேத்துத் திறந்தாச்சு."

ஜோஹன்னஸ்பர்க் கலைக்கூடத்தின் மாடியில், நொம்புசோ தூணோரமாக ஒதுங்கி நின்றாள். எதிரே வெள்ளை மேடைமேல் அந்தக் கரும்பானை. பெயர்ச்சீட்டில் அவள் பெயர் மட்டும்.

"எந்தப் பானை... ஓ, உங்க வீட்ல முன்னோருக்கு வைக்கிற மூலையில இருந்ததா. நான்தான் எடுத்தேன்... கேட்டா குடுத்திருப்பீங்களா? அதான் கேக்கல.

"...தெரியும், தெரியும். நாளன்னைக்குச் சடங்கு. அண்ணன் செத்து வருஷமாச்சு, ஆவியை வீட்டுக்கு அழைக்கணும். கருப்புப் பானையில சோளக் கள்ளு ஊத்தி வச்சாத்தான் வந்து உக்காருவான். கூடப் பொறந்தவ எனக்கேவா சொல்றீங்க?

"...நீங்க வனைஞ்சதுதான். கூழாங்கல்லால தேய்ச்சது, சாணியில சுட்டது, எல்லாம் நீங்கதான்... உங்க பேரா? செங்கல் அறுத்தவன் பேரை வீட்டு வாசல்ல எழுதுறாங்களா?

"புதுசா ஒண்ணு செஞ்சுக்கங்க... காய மூணு வாரமா? அப்ப பிளாஸ்டிக் வாளியில ஊத்துங்க. உயிரோட இருந்தப்ப அதுலயும்தானே குடிச்சான்."

பானையைப் பார்க்க வந்த ஒருவருக்கு நொம்புசோ சிரித்துக்கொண்டே தலையசைத்தாள்.

"...திருப்பித் தந்தாலும் பிரயோஜனமில்ல. அடியில ஓட்டை போட்டாச்சு... மூணு. டிரில்லு வச்சு நானேதான்... ஏன்னா, தண்ணி நின்னா அது வெறும் பாத்திரம், கீழ கடையில டீக்கோப்பையோட வச்சிடுவாங்க. நிக்காட்டித்தான் கலைன்னு மாடிக்கு வரும். 'தாகம்'னு பேரு வச்சிருக்கேன். நேத்து ஒருத்தர் அது முன்னாடி நின்னு அழுதாரு தெரியுமா... நீ எதுக்கு அழுற? உனக்கு இதெல்லாம் புரியாது. வை போனை."

அண்ணி வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு நிதானமாக ஏதோ கேட்டாள்.

"...இந்தக் கூடத்தோட விலாசமா? எதுக்கு... மாமாவுக்கா? அவரு டர்பன் போயிட்டாரா... சரி, அண்ணன் செத்த ஆஸ்பத்திரி வாசல்ல முள்ளுக்கிளையை வச்சு அவன் ஆவியைக் கூப்பிட்டாச்சு, இனி கிளை போற இடத்துக்கு அவனும் வருவான். கிளையோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாரு. அதுக்கு?

"...மாமாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

நொம்புசோ பானையைப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் குனிந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பானை இருக்கிற இடத்துக்கே அண்ணனைக் கூட்டிட்டு வரச் சொல்லியா... அண்ணி, விளையாடாதீங்க. ஊர்ல மாடு வாங்கி வச்சிருக்கீங்க, சொந்தமெல்லாம் வந்தாச்சு... ஜோஹன்னஸ்பர்க் பஸ்ஸா? ரெண்டு டிக்கெட்டா, அண்ணன் ஆவிக்கும் சேர்த்து... வேணாம். அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க, ஏதோ கோவத்துல பேசிட்டேன்... இங்க வந்து நின்னா அவனுக்கு நான் எதுல ஊத்துவேன்?

"...அண்ணி?

"...ஹலோ?"