ஏரியில் ஊற்றாத குடம்

அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் இரைச்சலையும் சேர்த்துத் தாங்கி அமர்ந்திருக்கும் மருத்துவர் பாலசந்திரன் அவர்களே! வில்லரேயில் இருந்தும் லவாலில் இருந்தும் வேலைக் களைப்புத் தீராமலே வந்திருக்கும் பெரியோர்களே! ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்ப் பையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே! பின்வரிசையில் பிரெஞ்சில் குசுகுசுக்கும் செல்வங்களே! குழம்பிய நெஞ்சோடு நிற்கும் விமலநாதனின் வணக்கம்.

"தெளிவாக் கதையும் ஐசே!" என்கிறார் அரியரத்தினம் அண்ணை. அண்ணை, தெளிவு இருந்தால் நான் ஏன் மேடை ஏறுகிறேன்?

கேள்வி ஒன்றுதான். இந்தத் தொண்ணூற்றாறு ஆவணியில், லவாலுக்கும் வடக்கே மலைப்பக்கத்து ஏரியில் நம் கோயில் தீர்த்தத் திருவிழா நடந்ததே, அன்று தங்கை புஷ்பராணியின் நேர்த்திக்கடன் நிறைவேறியதா, இல்லையா? "நேர்த்தி பிழைச்சுப் போச்சு, அதுதான் புருசனுக்கு விசா வரேல்லை" என்று கதைக்கிறீர்களே! கொழும்பில் காத்திருக்கும் நகுலேஸ்வரன் வந்து சேர வேண்டும் என்று லஷீன் பக்கத்து ஆற்றங்கரையில் நின்று அழுதவள் அவள். அந்த ஆற்றுத் தண்ணீரை ஒரு குடம் சுமந்து, முருகனின் வேலாயுதம் தீர்த்தமாடும் ஏரியில் ஊற்றுவேன் என்று நேர்ந்தவள். அதை ஊற்றவிடாமல் தடுத்தது விமலநாதன்தான் என்கிறீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

வேலாயுதத்தை ஏற்றிச் செல்ல, என்னோடு தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கும் பேனாட் தன் படகைத் தந்தான். அதே ஆற்றில் ஓடிய படகு. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டிக் கொண்டுபோனோம். ஏரியின் இறங்குதுறையில் படகுகளைச் சோதிக்கும் செலீன் என்ற பெண் மறித்தாள். அடிப்பாகத்தைத் தடவினாள். தேங்கிய நீரை வடித்தாள். சுடுநீரைப் பீய்ச்சி அடித்தாள். மஞ்சள் போச்சு, குங்குமம் போச்சு, மாவிலையும் போச்சு! சிரிக்காதீர்கள், எனக்கு அப்போது அழுகை வந்தது.

படகு சோதனையில் தேறியது. மேளம் தொடங்கியது. அப்போதுதான் செலீனின் கண் குடத்தில் விழுந்தது. எங்கே எடுத்த தண்ணீர் என்று கேட்டாள். படகில் ஒட்டிய ஒரு துளியை அவள் துடைத்துக்கொண்டிருக்க, ஒரு குடம் ஆற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றோமே! நம்மைத் தவிர யார் இப்படிச் செய்வார்கள்?

அவள் விளக்கினாள். கடல் கடந்து, கப்பலின் அடித்தட்டில் நிரப்பிய தண்ணீரில் வந்ததாம் ஒரு வரிச்சிப்பி. ஆற்றில் பரவிவிட்டதாம். குஞ்சு கண்ணுக்குத் தெரியாதாம். ஏரிக்குள் புகுந்தால் பெருகுமாம், குடிநீர்க் குழாயை அடைக்குமாம், பிறகு வெளியேற்றவே முடியாதாம்.

கடல் கடந்து வந்தது! பெருகுகிறது! வெளியேற்ற முடியாது! சபையோரே, இதே சொற்களை நம்மைப் பற்றி நீங்கள் பஸ்ஸில் கேட்டதில்லையா? மெட்ரோவில் கேட்டதில்லையா? கோபம் பொங்கியது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் வெறுப்பில்லை, பயம்தான் இருந்தது. அந்த ஏரியைத்தான் அவள் வீட்டார் குடிக்கிறார்கள். கோபிப்பதா, கும்பிடுவதா? சிப்பி வேறு, மனிதர் வேறு என்கிறது புத்தி. நெஞ்சுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புஷ்பராணி என்னைப் பார்த்தாள். "அண்ணை, வெறுந் தண்ணிதானே? ஒண்டும் தெரியேல்லையே?"

"தெரியாதாம் பிள்ளை. ஆனா இருக்குமாம்."

ஊற்று என்றும் நான் சொல்லவில்லை, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை. அவளே கரையை விட்டு மேட்டில் ஏறினாள். ஒரு மேப்பிள் மரத்தடியில் குடத்தைக் கவிழ்த்தாள். திரும்பி வந்து வெறுங்குடத்தைச் செலீனிடம் நீட்டினாள். "இதையும் சுடுதண்ணியால கழுவச் சொல்லுங்கோ அண்ணை."

காணாத கடவுளிடம் கேட்டவள், காணாத சிப்பிக்குஞ்சைத் தடுக்க, முகம் அறியாத வீட்டாரின் குடிநீரைக் காக்க, தன் கணவனுக்கென்று சுமந்ததை மண்ணில் விட்டாளே! அது நேர்த்தி பிழைத்ததா? பிழைத்தது என்பவர் எழுந்து சொல்லுங்கள்!

யார் அது எழும்புவது? புஷ்பராணியா? அமைதி, அமைதி. சொல்லம்மா.

"நான் ஊத்தினது மரத்துக்குத்தான் அண்ணை. கேட்டது முருகனிட்ட. அது அவருக்கு விளங்காதெண்டால், நீங்கள் மைக்கில சொல்லி விளங்குமே?"

சபையோரே, என் குழப்பம் தீரவில்லை. ஆனால் இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை. அடுத்த தீர்த்தத்துக்குக் குடங்கள் காய்ந்து வரட்டும், ஏரியிலேயே மொண்டு ஏரியிலேயே ஊற்றுவோம். இந்தக் கைதட்டல் அந்தத் தங்கைக்கு. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.